உளி தீட்டுவது கையாலா, ஹோனிங் கைடாலா? என் அனுபவம்

நண்பர்களுக்கு வணக்கம். வார இறுதியில் மட்டும் மரவேலை செய்பவன் நான். முதல் இரண்டு ஆண்டுகள் உளிகளைக் கையால்தான் தீட்டினேன். எவ்வளவு தேய்த்தாலும், தேக்குக் கட்டையின் வெட்டுமுகத்தில் வைத்து அழுத்தினால் உளி இழைகளை அறுக்காமல் நசுக்கியது; நானோ கல்லைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உளியின் சரிவில் (கூர்முனையை நோக்கி இறங்கும் சாய்வான முகத்தில்) மார்க்கரால் கறுப்பு மை பூசி நாலைந்து முறை தேய்த்துப் பார்த்தபோது, சரிவின் பின்பகுதியில் மட்டுமே மை அழிந்து, கூர்முனையை ஒட்டிய கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. முனை கல்லைத் தொடவே இல்லை.

பிறகுதான் ஹோனிங் கைடு ஒன்றை வாங்கினேன்; உளியை ஒரே கோணத்தில் பிடித்துக் கல்மேல் உருட்ட உதவும் சிறு சக்கரக் கருவி அது. என்னுடையது உளியைப் பக்கவாட்டில் கவ்வும் வகை. அந்த வகையில் முனை 40 மி.மீ. வெளியே நீண்டால் ஏறத்தாழ 25 பாகையும், 30 மி.மீ. நீண்டால் 30 பாகையும் அமையும். 1000 எண் நீர்க்கல்லில் (நீரில் நனைத்துத் தீட்டும் கல்; எண் கூடக்கூட நயமானது) 25 பாகையில் சரிவை ஒழுங்காக்கி, முதுகுப் பக்கம், அதாவது சரிவுக்கு எதிரான தட்டைப் பக்கம், மெல்லிய உலோகப் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும், 6000 எண் கல்லில் 30 பாகைக்கு மாற்றிப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்து, முதுகைக் கல்லில் முழுதும் படியவைத்துப் பிசிறை எடுத்தேன். அதே தேக்கின் வெட்டுமுகம் மெழுகு தேய்த்தாற்போல் மின்னியது.

ஆனால் அளந்து, பூட்டி, கல்லை நனைத்து முடிக்கும் சிரமத்துக்கு அஞ்சி, 'இந்தக் குழி முடியட்டும்' என்று மழுங்கிய உளியோடே வேலையைத் தொடரும் பழக்கம் வந்துவிட்டது. அப்படித்தான் கதவு நிலையில் கீல் பதிக்கையில் வேண்டாத பலம் கொடுத்து, உளி சறுக்கி, இடக்கைப் பெருவிரல் கிழிந்தது. இப்போது சரிவு கெட்டால் மட்டுமே கைடு. வேலைக்கு நடுவே, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சரிவைக் கல்லில் படியவைத்து மயிரிழை உயர்த்தி, கையாலேயே ஆறேழு இழுப்பு. ஒரு பாகை கூடினாலும் தேக்கு கோபித்துக்கொள்வதில்லை.

மற்றோர் உறுப்பினரின் மறுமொழி:

ஐயா, நான் கைடைக் கைவிட்டதற்குக் காரணம் 6 மி.மீ. உளி. ஒரு விரல் சற்றுக் கூடுதலாக அழுத்தினாலும் உளி அந்தப் பக்கம் சாய்ந்து, முனை கோணலாகிவிடும். அதைவிட மோசம், குறுகிய உளியைக் கல்லின் நடுவிலேயே ஓட்டி ஓட்டி அங்கே பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "சின்ன உளியை ஓரத்தில் ஓட்டுங்கள் தம்பி" என்றார். கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து அந்தக் கல்லை மட்டமாக்க எனக்கு அரைநாள் பிடித்தது. உங்கள் கல்லின் குறுக்கே இரும்பு அளவுகோலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தீர்களா?