மறு: 'பேகன்' வேண்டாம், வேறு சொல் உண்டா?

குழுவினருக்கு வணக்கம்.

லாத்வியாவின் குளிர்காலக் கொண்டாட்டம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கப் போய் நாலு நாளாய் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: கிறித்தவத்துக்கு முந்தைய பழைய சமயங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'pagan', அதற்குத் தமிழ் என்ன? யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

> 'பேகன்' என்றே எழுதிவிடலாமே.

எழுதிப் பார்த்தேன் ஐயா. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் வந்து நிற்கிறார், அதுவும் குளிர்காலக் கட்டுரையில்! 'பாகன்' என்றால் பின்னாலேயே யானை.

> பழைய மொழிபெயர்ப்புகளில் 'அஞ்ஞானிகள்' உண்டு.

மதம் பரப்ப வந்தவர்கள் மற்றவர்களுக்கு வைத்த பெயர் அது. தன்னை அப்படி யார் சொல்லிக்கொள்வார்? 'புறச்சமயம்' சைவ நூல்களில் வேறு கணக்கு. 'இயற்கை வழிபாடு' அரைகுறை. ஐஸ்லாந்தில் 1973இல் அரசு ஏற்பு பெற்ற அமைப்பினர் பழைய வடஐரோப்பியத் தெய்வங்களான ஓடினையும் தோரையும் அல்லவா போற்றுகிறார்கள்?

மூலம் இலத்தீன் 'பாகானுஸ்', நாட்டுப்புறத்தான். அப்படியானால் 'நாட்டார்' அச்சாகப் பொருந்துகிறது, எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் நம் நாட்டார் சாமிகளுக்குக் கொடை நின்றுபோகவில்லை. லாத்வியாவின் 'தியெவ்துரீபா' 1920களில் படித்தவர்கள் நாட்டுப்பாடல்களை வைத்து மீட்டுக் கட்டிய சமயம். சோவியத் ஆட்சியில் ஒடுக்கப்பட்டு, பிறகு மறுபடி தலையெடுத்தது. அறுந்தபின் மறுபடி முடிச்சுப் போட்ட கயிறு. அதனால் 'தொல்நெறி' என்கிறேன். மீட்டது என்று அழுத்த வேண்டிய இடத்தில் 'மீள்தொல்நெறி'.

> உத்தராயணம் இருக்கும்போது கதிர்த்திருப்பம் எதற்கு அம்மா?

பஞ்சாங்கத்து உத்தராயணம் தை முதல் நாள். கதிரவன் வடக்கே திரும்பும் கதிர்த்திருப்பமோ (solstice) டிசம்பர் 21 அல்லது 22. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறும் அயனச் சலனத்தால் இரண்டுக்கும் நடுவே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. 'உத்தராயணத்தன்று கட்டை எரித்தார்கள்' என்றால் வாசகர் பொங்கல் பானையைத் தேடுவார்.

அந்தக் கட்டைதான் கட்டுரையின் உயிரே. ஓக் மரக் கட்டையில் கயிறு கட்டி வீடு வீடாக இழுத்துப் போகிறார்கள். கூடவே பாட்டு. போன ஆண்டின் கெட்டதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளுமாம். கடைசியில் தீயில் தள்ளிவிடுகிறார்கள். தலைநகர் ரீகாவில் அன்று பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை, நெருப்பின் அருமை புரிகிறது. இதற்கு ஒருவர் 'கட்டைப்போகி' என்று தனிமடலில் அனுப்பியிருந்தார். சிரித்துவிட்டு, 'கட்டையிழுப்பு' என்றே வைத்துக்கொண்டேன்.

விழாவின் பெயர் 'ஸியமஸ்வேட்கி'. சொல்லுக்குச் சொல் 'குளிர்காலத் திருநாள்'. கிறித்துமஸுக்கும் அங்கே அதே பெயர்தான் என்பதால் முதல் இடத்தில் மட்டும் விளக்கம் தருகிறேன்.

ஒன்றுதான் பாக்கி. புணர்ச்சி விதிப்படி 'தொன்னெறி' என்றல்லவா வர வேண்டும்? அப்படி எழுதினால் என் பதிப்பாசிரியரே அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார். பிரித்தே விடலாமா? திங்கட்கிழமைக்குள் படியை அனுப்ப வேண்டும்.