வீட்டு மரவேலைக்கு நெய்ல் கன்: எஃப்30, எஃப்50, எஸ்டி64, எதை வாங்கலாம்?

மேலூர்_பின்கட்டு:
வணக்கம். மேலூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னாடி ஒரு அறை சேர்த்துக் கட்டுறோம். பூச்சு முடிஞ்சது, மரவேலையை நாங்களே பார்க்கலாம்னு இருக்கோம். பாக்கி இருக்கிறது இதெல்லாம்:

18 எம்எம் பிளைவுட்டில் ரெண்டு அலமாரி (முதுகுக்கு 6 எம்எம் பிளை), அதோட விளிம்புக்குத் தேக்கு பீடிங், ஜன்னலுக்குக் கொசுவலை, சுவரில் பேனல் அடிக்க 20 எம்எம் கட்டை, கடைசியா முன்கட்டு ஓட்டுக் கூரையில் பனங்கை (பனைமரச் சட்டம்) மேல ரீப்பர் (ஓடு உட்கார்ற குறுக்குச் சட்டம்) மாத்தணும்.

பெயிண்ட் அடிக்க வாங்கின 1 எச்பி, 24 லிட்டர் கம்ப்ரசர் கையில இருக்கு. இதுக்கெல்லாம் காத்துல ஆணி அடிக்கிற நெய்ல் கன் ஒண்ணு வாங்கணும். கடையில கேட்டா ஒருத்தர் எஃப்30 போதும்ங்கிறார், ஒருத்தர் எஸ்டி64 வாங்கினா எல்லாத்துக்கும் ஆகும்ங்கிறார். பேட்டரி கன்னும் காட்டினாங்க. சாயங்காலம் இங்க வோல்டேஜ் 190க்கு இறங்கும், அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க.

இழைப்புளி:
எஸ்டி64 எல்லாத்துக்கும் ஆகும்னு சொன்னவர் பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க. அதோட ஆணி 2.2 எம்எம் தடிமன், தலை வச்சது. சுவருக்கும் பேக்கிங் பெட்டிக்கும் சரி. தேக்கு பீடிங்ல அடிச்சா பீடிங் ரெண்டாப் பிளந்துரும்.

கன்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆணியைப் பாருங்க. எஃப் வகை 18 கேஜ், 1.25 x 1 எம்எம், தலை இருக்கிறதே தெரியாது. எஃப்க்குப் பின்னாடி வர்ற நம்பர் நீளம்: எஃப்30 ஆணின்னா 30 எம்எம். எஃப்30 கன் 30 எம்எம் வரைக்கும்தான் எடுக்கும், எஃப்50 கன் 50 வரைக்கும் எடுக்கும். உங்க லிஸ்டுக்கு எஃப்50.

ஏன்னா, மேல வைக்கிற பலகையோட தடிமன்ல ரெண்டரை மடங்கு ஆணி நீளம் வேணும். 18 எம்எம் பிளைக்கு 45. முதுகுப் பலகை 6 எம்எம், அதுக்கு 20 போதும், 25ன்னா இன்னும் நல்லது. பீடிங் 12 எம்எம்னா 30. எஃப்30 வாங்கினா அலமாரிப் பெட்டியைக் கூட்ட முடியாது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. இந்த ஆணி சுமை தாங்காது. பசை காயுற வரைக்கும் பலகையைப் பிடிச்சு வைக்கிற கிளாம்ப்னு நினைச்சுக்கோங்க. ஃபெவிகால் தடவி, 15 முதல் 20 செ.மீ.க்கு ஒண்ணு அடிச்சு நிறுத்திட்டு, மூலைக்கு மூலை 3 எம்எம் துளை போட்டு 8 நம்பர் 50 எம்எம் ஸ்குரூ முடுக்குங்க. வெறும் ஆணியில நிக்கிற அலமாரி, துணி அடுக்கின கொஞ்ச நாள்லயே தட்டு தொங்கும்.

சதுரமட்டம்:
மேலே சொன்னது சரி. பிளையின் விளிம்பில் அடிக்கும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இந்த ஆணியின் முனை உளி போல வெட்டப்பட்டது. உள்ளே போகும்போது வளைந்தால், கன்னுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோதான் வளையும். முன்னும் பின்னும் வளைவது அரிது. பலகையின் நீளவாக்கில் கன்னைப் பிடித்தால், வளைந்த ஆணி 18 எம்எம் தடிமனைக் கிழித்துக்கொண்டு முகத்தில் எட்டிப் பார்க்கும். மைக்கா ஒட்டிய பலகை என்றால் அதோடு போச்சு. கன்னை விளிம்புக்குக் குறுக்கே திருப்பிப் பிடியுங்கள். வளைந்தாலும் பலகைக்குள்ளேயே ஓடிவிடும்.

காற்றழுத்தம்: 70 பிஎஸ்ஐயில் தொடங்கிக் கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள். தலை வெளியே நின்றால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள், 100க்கு மேல் வேண்டாம். 90க்கு மேலேயும் ஆணி முழுதாக இறங்கவில்லை என்றால் மரம் கடினம் அல்லது கன்னின் பிளேடு (ஆணியைத் தள்ளும் தகடு) தேய்ந்துவிட்டது. காற்றை ஏற்றிப் பயனில்லை.

உங்கள் கம்ப்ரசர் போதும். 24 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5.5 பாருக்கு (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) இறங்கினால் 60 லிட்டர் காற்று கிடைக்கும். எஃப்50 ஆணி ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே இழுக்கும். தொடர்ந்து 60 ஆணி அடித்த பிறகு மோட்டார் ஓடினால் போதும். பெயிண்ட் அடிப்பதற்குத்தான் காற்று அதிகம் வேண்டும்.

வோல்டேஜ் பற்றி: நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் கம்ப்ரசரை இணைக்காதீர்கள். பிளக் பாயின்ட் பக்கத்திலேயே கம்ப்ரசரை வைத்து, 10 மீட்டர் பியூ ஹோஸை (காற்றுக் குழாயை) இழுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிற்கும்போது "புஸ்" என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பிரஷர் சுவிட்சின் அன்லோடர் வால்வு அடைத்து, பம்பில் காற்று தேங்கியிருக்கிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து 190 வோல்ட்டில் மோட்டார் எழும்பாது. முனகும், கெபாசிட்டர் போகும். டேங்கின் அடித் திருகைத் திறந்து தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ஓட்டுக்கூரை:
ரீப்பர் பத்தி யாரும் தொடல. பனங்கைக்கு எஃப்50 ஆகவே ஆகாது. பனையில வெளிப்பக்கத்து வைரம் இரும்பு மாதிரி, 18 கேஜ் ஆணி பாதியில மடங்கி உட்காரும். இறங்கினாலும் தலை இல்லாத ஆணி ரீப்பரைப் பிடிக்காது, ஆடிக் காத்துல ஓடு தூக்கும்போது உருவிக்கிட்டு வந்துரும். சுருளா ஆணி போடுற பெரிய காயில் கன் வச்சு அடிக்கலாம், ஆனா அதுக்கு உங்க கம்ப்ரசர் காணாது. ஒரு கூரைக்காக அதை வாங்குறது தண்டச் செலவு.

ரீப்பர்ல 3 எம்எம் துளை போட்டு ரெண்டரை இன்ச் கம்பி ஆணியைச் சுத்தியலால அடிங்க. துளை போடாம அடிச்சா ரீப்பர் முனை பிளக்கும். ரெண்டு ரீப்பருக்கு நடுவுல எவ்வளவுன்னு கேட்டு எழுதி வைக்காதீங்க, உங்க ஓட்டை வச்சே அளந்து ஒரு குச்சி வெட்டி வச்சுக்கோங்க. பழைய ஓடும் புது ஓடும் அளவு ஒத்து வராது.

மேலூர்_பின்கட்டு:
ரொம்ப நன்றிங்க. சுவர்க் கட்டைக்கு மட்டும் எஸ்டி வாங்கணுமா? கொசுவலைக்கு எஃப் ஆணி ஆகுமா?

இழைப்புளி:
கொசுவலைக்கு எஃப் ஆணி ஆகாது, வலைக் கண்ணுக்குள்ள நழுவிரும். கையால அழுத்துற ஸ்டேப்ளர் கன்ல 10 எம்எம் பின் போட்டு அடிச்சு, அதுக்கு மேல பட்டியை எஃப் ஆணியால அடிங்க.

சுவருக்கு: 20 எம்எம் கட்டை, 12 எம்எம் பூச்சு, செங்கல்லுக்குள்ள 25 போகணும். ஆக 57 எம்எம் ஆணி. எஸ்டி64 கன் அதை எடுக்கும். ஆனா செங்கல்லுக்கு மட்டும்தான். கான்கிரீட் லிண்டல், தூண்ல பட்டா ஆணி மடங்கும், இல்ல திரும்பித் தெறிக்கும். பூச்சைத் தட்டிப் பார்த்து டொக்குன்னு வெத்துச் சத்தம் கேட்டா அந்த இடத்துல அடிக்காதீங்க, பூச்சு பாளமா விழும். நாப்பது அம்பது இடம்தான்னா எஸ்டி வேண்டாம், ஹேமர் டிரில்ல துளை போட்டு பிளக், ஸ்குரூ வச்சுட்டுப் போயிருங்க.

பேட்டரி கன் விலைக்கு ஒரு கம்ப்ரசரும் ரெண்டு ஏர் கன்னும் வாங்கலாம். கம்ப்ரசர் இருக்கும்போது எதுக்கு?

சதுரமட்டம்:
வாங்கும்போது மூக்கில் அழுத்தினால்தான் சுடும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான கன்கள் பலவற்றில் விசைப் பூட்டு மட்டும்தான் இருக்கும். ஓ-ரிங், பிளேடு, பம்பர் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று அதே கடையில் கேட்டுவிடுங்கள்.

காலையில் வேலை தொடங்குமுன் காற்று நுழையும் இடத்தில் ஏர் டூல் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். எஞ்சின் ஆயில் விட்டால் ஓ-ரிங் உப்பிவிடும். விசையை அழுத்தாதபோதும் காற்று கசியும். ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், பிறகு மூக்கைத் திறங்கள். பலகையைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். கணுவில் பட்ட 45 எம்எம் ஆணி எந்தப் பக்கம் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்க வேண்டாம்.

மேலூர்_பின்கட்டு:
சரிங்க. எஃப்50 ஒண்ணு, 20, 30, 45 ஆணி ஒவ்வொரு பெட்டி.

ஓட்டுக்கூரை:
ஒரு பெட்டியில 5000 ஆணி வரும். ரெண்டு அலமாரிக்கு எல்லாம் சேர்த்து ஆயிரம் தாண்டாது. உடைச்ச பெட்டியில இருந்து பட்டை கணக்குல குடுப்பாங்களான்னு கேளுங்க, பட்டைக்கு 100. மிச்சத்தை வீட்டுல வச்சா துருப்பிடிச்சு கன்னுலதான் சிக்கும்.