பைனாகுலருக்குள் இருக்கிற காம்பஸ் இடத்துக்கு இடம் வேறு எண் காட்டுகிறது, என்ன காரணம்?

சோனாங்குப்பம்_ஃபைபர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிற ஃபைபர் படகு எங்களுடையது. இந்த வருடம் தடைக்காலம் முடிந்து தொழிலுக்கு இறங்கிய வாரம், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மச்சான் ஒரு பைனாகுலர் கொண்டுவந்து கொடுத்தார். 7×50, நல்ல கனம். உள்ளேயே காம்பஸ் இருக்கிறது, பார்க்கும்போது கீழே டிகிரி எண் ஓடுகிறது, நடுவில் சின்னச் சின்னக் கோடுகளும் தெரிகின்றன. ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய பொருள், கூட ஒரு காகிதமும் வரவில்லை.

பிரச்சினை இதுதான். புதுச்சேரி கலங்கரை விளக்கத்தைப் பின்னால் எஞ்சின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு எண், முன்னால் அணியத்தில் நின்று பார்த்தால் வேறு எண், இரண்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம். எதை நம்புவது? காம்பஸ் திரவத்தில் கடுகு அளவுக்கு ஒரு குமிழியும் இருக்கிறது. அப்புறம் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படித் துடைப்பது? இப்போதைக்குத் துண்டால்தான் துடைக்கிறேன். அப்பா வேறு, ஜி.பி.எஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

புதுவை_மாலுமி எழுதியது:

தம்பி, முதலில் துண்டால் துடைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், அதைப் பற்றி வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள். நான் காம்பஸுக்கு வருகிறேன். கப்பலில் பல வருடம் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவன்.

அணியத்தில் தெரிந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும், அதுவும் உங்கள் சட்டைப் பையில் போன் இல்லாமல் இருந்தால். எஞ்சின் முழுக்க இரும்பு, அதன் பக்கத்தில் நின்றால் காம்பஸ் இழுபடத்தான் செய்யும். கையில் பிடித்துப் பேசுகிற வி.எச்.எப் ரேடியோப் பெட்டியின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. போனிலும் இருக்கிறது. இரும்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடிகூட காம்பஸுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் வருகிறது என்பதால் சில டிகிரி தள்ளிவிடும். படகில் ஒரு இடத்தை முடிவு செய்துகொண்டு எப்போதும் அங்கேயே நின்று பாருங்கள்.

சரியா தப்பா என்று சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டாம். தேவனாம்பட்டினம் மணலில், வண்டி, கரண்ட் கம்பம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் நின்று, தூரத்தில் தெளிவாகத் தெரிகிற ஒரு கோபுரத்தையோ புகைபோக்கியையோ பாருங்கள். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து அதற்கு வரைபடத்தில் கோடு போட்டால் எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். நம் கரையில் காந்த வடக்கு உண்மையான வடக்குக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளியிருக்கிறது, அதனால் காம்பஸ் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டினால் அது சரியாகவே வேலை செய்கிறது.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை ஜி.பி.எஸ் சொல்லிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு எதிரே தெரிகிற விளக்கு உங்கள் மேல் வருகிறதா, விலகிப் போகிறதா என்று அதற்குத் தெரியாது. படகை ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு அந்தக் கப்பலைப் பார்த்து எண்ணைப் படியுங்கள். 65 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி படியுங்கள், பிறகு இன்னொரு முறை. எண் 65-லேயே நிற்கிறது, விளக்கு மட்டும் பெரிதாகிறது என்றால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் போய்ச் சேரப் போகிறீர்கள், உடனே விலகுங்கள். எண் 70, 78 என்று ஒரே பக்கமாக மாறிக்கொண்டே போனால் பொதுவாக அது விலகிப் போகிறது. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 7-வது விதி சொல்வதும் இதைத்தான். ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: மிகப் பெரிய கப்பல், இழுவைக் கப்பல், அல்லது ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்ட கப்பல் என்றால் எண் மாறினாலும் ஆபத்து இருக்கலாம். ஆகவே தூரத்தில் இருக்கும்போதே பார்க்கத் தொடங்குங்கள். பெரிய கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு ஒரு ஃபைபர் படகு கண்ணில் படாமலே போகலாம், இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

படிக்கும்போது பைனாகுலரைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும், சாய்ந்தால் டிகிரி எண் எழுதிய காம்பஸ் தட்டு எங்காவது உரசி நின்றுவிடும். அலையில் எண் ஆடத்தான் செய்யும். மூன்று தடவை படித்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி_வேலை எழுதியது:

புதுச்சேரியில் கேமரா, பைனாகுலர் பழுது பார்க்கிறேன். கடற்கரைக்காரர்கள் கொண்டுவருகிற கண்ணாடிகளில் பெரும்பாலும் நான் பார்ப்பது துடைத்துத் துடைத்தே வந்த கீறல். உப்பு காய்ந்தால் பொடிப்பொடிக் கல் மாதிரி. அதன் மேல் துண்டை வைத்துத் தேய்த்தால் லென்ஸின் மேல்பூச்சு போய்விடும், போனது திரும்ப வராது. கரைக்கு வந்ததும் ஒரு மக் நல்ல தண்ணீரை மெதுவாக மேலே ஊற்றி உப்பைக் கரைய விடுங்கள். உங்களுடையது தண்ணீர் புகாத வகை என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்ச வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு, ஈரம் இருக்கும்போதே, சுத்தமான மென்மையான லென்ஸ் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் நிழலில் காய விடுங்கள்.

குமிழிக்கு வருகிறேன். கடுகு அளவு என்றால் பயப்பட வேண்டாம், வெப்பம் மாறினாலும், விமானத்தில் வந்தாலும் அப்படி வருவதுண்டு. வாராவாரம் பெரிதானாலோ, தட்டு குமிழியில் இடித்து நின்றாலோ திரவம் கசிகிறது என்று பொருள். வெயிலில் எஞ்சின் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அதுதான் குமிழியைப் பெரிதாக்கும்.

ஒரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்கிறேன். என் அண்ணன் படகில் இருந்த நல்ல பைனாகுலரை, உள்ளே லேசாகப் பூஞ்சை வந்ததற்காக, நான் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு கடையில் கொடுத்துத் திறந்துவிட்டார்கள். உள்ளே அடைத்திருந்த நைட்ரஜன் வாயு போய்விட்டது, இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்காமல் விலகிவிட்டன, அடுத்த ஐப்பசி மழைக்கு உள்ளே பனி மாதிரி படிந்தது. கேமராவைத் திறக்கத் தெரிந்தவர் எல்லோரும் இதைத் திறக்க முடியாது. மறுபடி வாயு அடைத்து, நேர்ப்படுத்தித் தருகிற வசதி இருக்கிறதா என்று கேட்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். நானே அதைச் செய்வதில்லை, வெளியூருக்குத்தான் அனுப்பிவைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் தோல் உறைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை நிச்சயம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். காம்பஸ் விளக்குக்கு பேட்டரி இருந்தால் தடைக்காலம் இரண்டு மாதமும் கழற்றி வையுங்கள்.

தாழங்குடா_வலை எழுதியது:

அந்தக் கோடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு மில் என்கிற கோணக் கணக்கு, ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயரம் தெரிகிற அளவு ஒரு மில். உயரம் தெரிந்த பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, அது எத்தனை மில் உயரம் தெரிகிறதோ அந்த எண்ணால் வகுத்தால் தூரம் மீட்டரில் வரும். புதுச்சேரியின் புதிய கலங்கரை விளக்கம் 48 மீட்டர். அடியிலிருந்து உச்சி வரை 12 மில் தெரிந்தால் 4000 மீட்டர், அதாவது நான்கு கிலோமீட்டர். ஆனால் ஃபைபரில் நின்று பார்க்கும்போது நம் கண் கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலேதான் இருக்கும், அந்த உயரத்துக்கு அடிவானமே ஐந்து கிலோமீட்டர்தான். அதற்கு மேல் போனால் கோபுரத்தின் அடிப்பகுதி கடலுக்குப் பின்னால் மறையத் தொடங்கும், கணக்கு உண்மையைவிடக் கூடுதலான தூரம் காட்டும். உங்கள் பைனாகுலரில் ஒரு கோடு ஐந்து மில்லா பத்து மில்லா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோனாங்குப்பம்_ஃபைபர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாலுமி ஐயா சொன்னபடி நேற்று சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் போனை வண்டியிலேயே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், வரைபடத்தை விட இரண்டு டிகிரிதான் கூடுதல். போனைப் பைக்குள் போட்டதும் ஒன்பது டிகிரி தள்ளிவிட்டது! ஆனால் இன்னொரு சந்தேகம், தட்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது, மட்டமாகப் பிடித்தாலும். அப்புறம் வலது கண்ணில் எண் மங்கலாகத் தெரிகிறது.

புதுவை_மாலுமி எழுதியது:

மங்கலுக்கு மருந்து சுலபம். இந்த வகையில் நடுச்சக்கரம் கிடையாது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருக வேண்டும். இடது லென்ஸைக் கையால் மூடி, இரண்டு கண்ணையும் திறந்தபடியே வலது வளையத்தை எண் பளிச்சென்று தெரியும் வரை திருகுங்கள், பிறகு அடுத்த கண்ணுக்கு. வளையத்தில் உங்களுக்கு வருகிற எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அப்பா பார்த்துவிட்டு மாற்றினாலும் இருட்டில் சரிசெய்துவிடலாம்.

சாய்வுக்குக் காரணம், காந்தப்புலம் வட ஐரோப்பாவில் தரையை நோக்கி ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது, நம் பக்கம் கிட்டத்தட்டக் கிடையாகப் போகிறது, அது முழுக்கக் கிடையாகிவிடுகிற காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே விற்பதற்காகச் சமன் செய்த தட்டு இங்கே கொஞ்சம் சாயும். தடையில்லாமல் சுழன்று, ஒரே பொருளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். காட்டினால் அப்படியே பயன்படுத்தலாம், எங்காவது ஒட்டிக்கொண்டு நின்றால் திசை பார்க்க அதை நம்பாதீர்கள். கழுத்துப் பட்டையில் மிதவை இருக்கிறதா? இல்லை என்றால் ஒன்று வாங்கிக் கட்டிவிடுங்கள், அந்தக் கனத்துக்குத் தண்ணீரில் விழுந்தால் நேரே அடிக்குப் போய்விடும்.