பழைய மெயில் ஐடி முடக்கப்பட்டுவிட்டது: எதை முதலில் காப்பாற்றுவது?

நிலாமுற்றம்
பல வருடங்களாக வைத்திருந்த இலவச மெயில் ஐடி. இப்போது உள்ளே போனால் "நீண்ட நாள் பயன்படுத்தாததால் கணக்கு முடக்கப்பட்டது" என்று வருகிறது. பாஸ்வேர்டு சரிதான். மீட்புக்குக் கொடுத்திருந்த மொபைல் எண் இப்போது இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

பழைய லேப்டாப்பில் தண்டர்பேர்டில் (மெயில் படிக்கும் மென்பொருள்) ஐமேப் முறையில் இணைத்தது அப்படியே இருக்கிறது, அதைத் திறந்து ரொம்ப நாளாகிறது. இந்த ஐடியை வைத்து லாகின் செய்த ஆப்கள் சில போனில் இன்னும் திறந்துதான் இருக்கின்றன. கணக்கு திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் எதிலிருந்து தொடங்குவது? இதே ஐடி வேறு யார் கைக்காவது போகுமா?

தபால்பெட்டி
லேப்டாப்பைத் திறக்கும் முன் வைஃபையை அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் இதுதான். ஐமேப்பில் மெயிலின் மூலப்பிரதி சர்வரில் இருக்கும். தண்டர்பேர்டில் இருப்பது அதன் நகல். கணக்கு முடங்கியிருக்கும்வரை லாகின் தோற்றுப்போகும், நகலுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து கணக்கு உயிர்பெறும் நாளில்தான். பல சேவைகள் கணக்கைத் திறந்துவிடும், ஆனால் பெட்டி காலியாக இருக்கும். தண்டர்பேர்டு "சர்வரில் ஒன்றும் இல்லை" என்று பார்த்து, உங்கள் நகலையும் அதற்கேற்ப அழித்துவிடும். கணக்கு கிடைத்த சந்தோஷத்தில் மெயில் முழுவதையும் பறிகொடுப்பவர்கள் இப்படித்தான் பறிகொடுக்கிறார்கள்.

இணையம் இல்லாமலே திறந்து, ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போங்கள். அங்கே ப்ரொஃபைல் ஃபோல்டர் எங்கே என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். உள்ளே ஐமேப்மெயில் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் பின்னொட்டு இல்லாமல் "இன்பாக்ஸ்", "சென்ட்" என்று இருப்பவைதான் மெயில்கள். எம்எஸ்எஃப் என்று முடிபவை வெறும் அட்டவணை. இன்பாக்ஸ் கோப்பு சில கேபிதான், ஆனால் எம்எஸ்எஃப் பல எம்பி என்றால் தலைப்புகள் மட்டுமே இறங்கியிருக்கின்றன. உள்ளடக்கம் லேப்டாப்பில் இல்லை.

பிறகு மீண்டும் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு (சர்வரோடு தொடர்பில்லாமல் லேப்டாப்பிலேயே இருக்கும் ஃபோல்டர்கள்) "காப்பி" செய்யுங்கள். "மூவ்" வேண்டாம். மூவ் என்றால் சர்வரில் அழிக்கச் சொல்லும் கட்டளையும் சேர்ந்து வரிசையில் நிற்கும்.

போனில் அந்த மெயில் கணக்கு ஏற்றப்பட்டிருந்தால் அதை நீக்காதீர்கள். நீக்கினால் போனில் இருக்கும் நகலும் போய்விடும்.

கம்பிவழி
மெயில்களைப் பத்திரப்படுத்திய பிறகு, வேறு முகவரியிலிருந்து அந்த ஐடிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வரும் பிழைச் செய்தியில் ஒரு எண் இருக்கும்.

550 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை, அழித்துவிட்டார்கள் என்று பொருள். 5.2.1 என்றால் பெட்டி இருக்கிறது, முடக்கி வைத்திருக்கிறார்கள். 5.2.2 என்றால் இடம் நிரம்பியிருக்கிறது. 4 என்று தொடங்கும் எண் தற்காலிகத் தடை. அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் முயன்றுவிட்டுத்தான் கைவிடும், அதனால் பதில் வர நேரமாகலாம். எதுவுமே திரும்பி வரவில்லை என்றால் பெட்டி மெயிலை வாங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எல்லா சர்வரும் இந்த எண்களை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசகத்தையும் படியுங்கள்.

நிலாமுற்றம்
ப்ரொஃபைலை நகலெடுத்துவிட்டேன், இன்பாக்ஸ் கோப்பு பெரியதாகத்தான் இருக்கிறது. அனுப்பிய மெயில் உடனே திரும்பியது: 550 5.2.1.

கம்பிவழி
அப்படியென்றால் இன்னும் வழி மூடவில்லை, ஆனால் எவ்வளவு நாள் என்பது அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. யாஹூவில் 12 மாதம் உள்ளே வராவிட்டால் பெட்டியை முடக்கி மெயில்களை அழித்துவிடுவார்கள். கூகுள் 2023 மே மாதம் அறிவித்த விதிப்படி, 2 வருடம் தொடாத தனிநபர் கணக்கு முழுவதுமாக நீக்கப்படலாம். அந்த நீக்கம் 2023 டிசம்பரில் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் கணக்குக்கும் கெடு 2 வருடம்தான், ஆனால் அவுட்லுக் பெட்டிக்குள் இருப்பது அதற்கு முன்பே, ஒரு வருடத்தில் காலியாகிவிடும். உங்கள் சேவையின் விதிமுறைப் பக்கத்திலும் கணக்குக்கு ஒரு கெடு, உள்ளே இருக்கும் மெயிலுக்கு ஒரு கெடு என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள்.

கணக்கைத் திரும்பக் கேட்டு நிறுவனத்தின் தளத்தில் நிரப்பும் மீட்புப் படிவத்தை அந்தப் பழைய லேப்டாப்பிலிருந்தே, வழக்கமாகப் பயன்படுத்திய வீட்டு இணைப்பிலிருந்தே நிரப்புங்கள். விபிஎன் (இணைப்பு எங்கிருந்து என்பதை மறைக்கும் செயலி) கூடாது. சமீபத்தில் அனுப்பிய மெயில்களின் தலைப்பு, அடிக்கடி எழுதிய முகவரிகள், நீங்களே உருவாக்கிய ஃபோல்டர் பெயர்கள், கணக்கு தொடங்கிய மாதம் மாதிரி விவரங்களைக் கேட்பார்கள். இதெல்லாம் உங்கள் தண்டர்பேர்டு நகலிலேயே இருக்கிறது. நினைவிலிருந்து எழுதாமல் பார்த்து எழுதுங்கள். வரிசையாகப் பத்து தடவை முயன்றால் சந்தேகப்பட்டுப் பூட்டிவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட் படிவமே ஒரு நாளைக்கு 2 தடவைதான் அனுமதிக்கும்.

தேடலில் "வாடிக்கையாளர் சேவை" என்று வரும் போன் நம்பர்களை நம்ப வேண்டாம். இலவச மெயிலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்பவர் கிட்டத்தட்ட எப்போதும் மோசடிக்காரர்தான்.

சாவிக்கொத்து
படிவத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். போனில் திறந்திருக்கும் ஆப்கள்தான் இப்போது உங்கள் சொத்து. அவற்றில் லாக் அவுட் செய்யாதீர்கள், ஆப் டேட்டாவை அழிக்காதீர்கள், பிரவுசர் குக்கீஸையும் (லாகினை நினைவில் வைக்கும் சிறு கோப்புகள்) தொடாதீர்கள்.

எங்கெங்கே இந்த ஐடி இருக்கிறது என்று பார்க்க, பிரவுசர் பாஸ்வேர்டு பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து, அதில் முகவரியைத் தேடுங்கள். (வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், பாஸ்வேர்டெல்லாம் அப்படியே எழுத்தில் கிடக்கும்.) லோக்கல் ஃபோல்டர்ஸிலும் "வெல்கம்", "வெரிஃபை" என்று தேடினால் மறந்துபோன கணக்குகள் கிளம்பும்.

வங்கி, மொபைல் நிறுவனம், வேறு மெயில் கணக்குகளில் மீட்பு முகவரியாக இது கொடுத்த இடங்கள், இவை முதலில். பிறகு பணம் கட்டும் சேவைகள். ஷாப்பிங்கும் செய்திமடலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாஸ்வேர்டையும் முகவரியையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள்: பாஸ்வேர்டு மாறினால் சில தளங்கள் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியே தள்ளிவிடும், திரும்ப நுழையப் பழைய முகவரிக்குக் குறியீடு போகும். முதலில் முகவரி, அது உறுதியான பிறகு பாஸ்வேர்டு.

நிலாமுற்றம்
ஒரு தளத்தில் முகவரியை மாற்றப் போனால், பழைய முகவரிக்கு அனுப்பிய குறியீட்டைக் கேட்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன்.

சாவிக்கொத்து
"வேறு வழியில் உறுதிசெய்" என்ற இணைப்பு சின்ன எழுத்தில் கீழே இருக்கும், பாருங்கள். அது இல்லையென்றால் அமைப்புகளில் மொபைல் எண்ணையோ அங்கீகாரச் செயலியையோ (போனிலேயே லாகின் குறியீடு காட்டும் ஆப்) முதலில் சேர்த்துவிட்டு, அதன் வழியாக முகவரியை மாற்ற விடுகிறதா என்று முயலுங்கள். சில தளங்கள் புதிதாகச் சேர்த்த எண்ணைச் சில நாள் நம்பாது. அதுவும் பலிக்கவில்லை என்றால், லாகின் ஆன நிலையில் ஆப்புக்குள்ளிருந்தே உதவிக்கு எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம். கூடவே 550 5.2.1 செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள்.

கம்பிவழி
வேறு கைக்குப் போகுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீக்கிய ஜிமெயில் முகவரியைக் கூகுள் யாருக்கும் மறுபடி கொடுப்பதில்லை. யாஹூ 2013-இல் 12 மாதத்துக்கு மேல் தொடாத பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுத்தது. புது ஆளுக்குப் பழைய ஆளின் பாஸ்வேர்டு மீட்பு மெயில் போய்ச் சேரக்கூடாது என்று, பெட்டியின் தற்போதைய உரிமையாளர் எப்போதிலிருந்து என்று சரிபார்க்கும் ஒரு வரி, மெயிலோடு சர்வர்களுக்காக மறைவாகப் போகும் தகவலில் சேர்ப்பதற்காக, அப்போது உருவானது (ஆர்எஃப்சி 7293 என்ற இணையத் தர ஆவணம், 2014). அனுப்பும் தளம், வாங்கும் மெயில் சேவை என்று இரு தரப்பும் ஆதரித்தால்தான் அது வேலை செய்யும், அதை நம்பி உட்கார முடியாது.

ஆகவே படிவம் தோற்றால், பதிவுப் பக்கத்தில் அதே பெயரை அவ்வப்போது போட்டுப் பாருங்கள். கிடைத்தால் உடனே நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மெயில் வராது, ஆனால் இனி வரும் குறியீடுகள் உங்களிடம் வரும். "பெயர் ஏற்கனவே உள்ளது" என்று வந்தால் வேறொருவர் எடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நிறுவனமே பூட்டி வைத்திருக்கலாம்.

தபால்பெட்டி
மாற்றும் முகவரி எது என்பதையும் யோசியுங்கள். சொந்த டொமைனில் (முகவரியில் @-க்குப் பின் வரும், நீங்களே பதிவுசெய்த பெயர்) வைத்தால் சேவை நிறுவனம் கைவிட்டாலும் எம்எக்ஸ் பதிவை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) வேறிடத்துக்குத் திருப்பி அதே முகவரியைத் தொடரலாம். ஆனால் புதுப்பிக்க மறந்தால் டொமைனோடு முகவரியும் போகும், அதை வாங்குபவர் உங்கள் மெயிலையும் வாங்கிக்கொள்வார். தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிட்டு, அட்டை காலாவதி தேதியையும் கவனியுங்கள். டொமைன் பதிவாளரிடம் கொடுக்கும் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் எச்சரிக்கை மெயிலும் உங்களுக்கு வராது. .காம் மாதிரி டொமைன்களில், அந்தத் தொடர்பு முகவரியை மாற்றும்போது பதிவாளர் அனுப்பும் உறுதிப்படுத்தும் மெயிலில் உள்ள இணைப்பை 15 நாளுக்குள் சொடுக்க வேண்டும், இல்லையென்றால் டொமைனையே நிறுத்தி வைத்துவிடுவார்கள்.