நான்காம் வகுப்பு: நடுவில் பூச்சியம் வந்தால் கழித்தல் தடுமாறுகிறது

கேள்வி (ஈராசிரியர் பள்ளி ஆசிரியை)

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். நான்காம் வகுப்பில் 14 பேர். 503-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒன்பது பேர் 475 என்று எழுதியிருக்கிறார்கள். மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள்: எட்டில் மூன்று போக ஐந்து, ஏழில் பூச்சியம் போக ஏழு, ஐந்தில் ஒன்று போக நான்கு. ஒன்பது பேருக்கும் ஒரே விடை வந்திருப்பதால் இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு சிறுமி, "பக்கத்து வீட்டிலும் ஒன்றும் இல்லையே டீச்சர்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வாரம் பின்னம் தொடங்க வேண்டும். அதை நிறுத்திவிட்டுத் திரும்பப் போகலாமா?

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

தாராளமாகத் திரும்பிப் போங்கள் அம்மா. முதலில் "கடன்" என்ற சொல்லை விடுங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் தருவதில்லை. பாடநூல் சொல்லும் இனமாற்றம் சரியான சொல்தான், ஆனால் குழந்தை மனத்தில் ஒட்டாது. நான் "கட்டைப் பிரி" என்பேன்.

தென்னை ஈர்க்குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பை. ஐந்து பை, மூன்று தனிக் குச்சி: அதுதான் 503. எட்டுக் குச்சி எடுக்க வழியில்லை, பிரிக்கக் கட்டும் வெளியே இல்லை. ஒரு பையைத் திறந்து, அதில் ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு பை, ஒன்பது கட்டு, பதின்மூன்று குச்சி. பூச்சியம் இருந்த இடத்தில் ஒன்பது எப்படி வந்தது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே பார்த்துவிடும். குச்சிகளை நீங்களே கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். பாதிப் பாடம் கட்டுவதில்தான் இருக்கிறது.

பதில் (மளிகைக் கடைக்காரர், ஒரு மாணவியின் தந்தை)

நாங்கள் கடையில் கழிப்பதே இல்லை, ஏற்றிக்கொண்டு போவோம். 178-உடன் 2 சேர்த்தால் 180, இன்னும் 20 சேர்த்தால் 200, அங்கிருந்து 503-க்கு 303. மொத்தம் 325. விடையைச் சரிபார்க்கவாவது இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பதில் (இரண்டாம் வகுப்பு ஆசிரியை)

எண்ணின் பெயரையும் ஒருமுறை சோதியுங்கள். எண்பதுக்கு அடுத்த பத்து தொண்ணூறு. பெயருக்குள் "நூறு" ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் "ஆயிரம்" ஒலிக்கிறது. என் வகுப்பில் தொண்ணூற்றைந்தை 905 என்று எழுதுகிறவர்கள் உண்டு. இடமதிப்பு அங்கேயே நழுவியிருந்தால் கழித்தலில் எவ்வளவு பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

கேள்வி கேட்டவர், ஆறு நாள் கழித்து

மூன்று நாள் குச்சி கட்டினோம். பையைத் திறந்தது அதே சிறுமிதான். இப்போது இரண்டு பேர் மட்டுமே 475 எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதெழுதுதலாகத் தொண்ணூற்றைந்தைச் சொன்னேன். ஒருவன் 905 என்றே எழுதினான். நாளை அவனோடு ஒன்பது கட்டும் ஐந்து குச்சியும் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். பின்னம் திங்கட்கிழமை தொடங்கும்.