தோடர்களின் தாய்வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதுநகர்_செல்வி:
கடலூரில் ப்ளஸ் டூ பசங்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஊட்டி டூரில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து (அவர்கள் குடியிருப்பு) பார்த்துவந்த ஒருவன், "இவங்க கிரேக்கத்திலிருந்து வந்தவங்களாமே மிஸ்?" என்றான். தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பில் இருக்கும் தனி டி.என்.ஏ.) என்று ஆரம்பித்தேன். "ஏன், அப்பா வழி ஆகாதா?" என்று மடக்கிவிட்டான்.

லாஸ்பேட்டை_வாசி:
பையன் கில்லாடி! அப்பா வழியையும் பார்ப்பார்கள், ஆனால் அங்கே சிக்கல் அதிகம். முன்பு தோடர்களில் சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணப்பதுண்டு. கர்ப்பிணிக்கு வில் அம்பு கொடுக்கும் சடங்கைச் செய்தவர்தான் குழந்தைக்கு அப்பா என்று கணக்கு; பெற்றவர் வேறொருவராகவும் இருக்கலாம். அம்மா விஷயத்தில் அந்தக் குழப்பமே இல்லை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மகன், மகள் இருவருக்கும் அம்மாவிடமிருந்து வரும். அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது மகள் மட்டும்தான். மொத்தமே சுமார் 16,569 டி.என்.ஏ. எழுத்துகள். அதில் விழுந்த மாற்றங்களை வைத்துக் கிளை பிரிக்கிறார்கள். இந்தியாவில் 'எம்' என்ற தாய்வழிக் கிளைதான் அதிகம்.

திருப்பாப்புலியூர்_மாமா:
செல்வி, ஒன்றைச் சேர்த்துச் சொல்லும்மா. பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 மூதாதையர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா சொல்வது அதில் ஒரே ஒரு பாட்டியின் கதை. அதிலும் தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்த சின்னக் கூட்டம். நாலு வீட்டில் பெண் பிள்ளை இல்லாமல் போனாலே ஒரு கிளை அறுந்துவிடும். மிஞ்சிய கிளையை வைத்து எல்லோரும் அங்கிருந்துதான் வந்தார்கள் என்று அடித்துவிடக் கூடாது. கிரேக்கக் கதையா? பேசுவது திராவிட மொழி, தமிழுக்குப் பங்காளி. விடுங்க.

முதுநகர்_செல்வி:
சரி மாமா. மாதிரிக்கு ரத்தம்தான் வேண்டுமா?

லாஸ்பேட்டை_வாசி:
எச்சிலே போதும். சம்மதம் முக்கியம். அப்புறம், ஒரே அம்மாவின் பிள்ளைகளாகப் பொறுக்கிவிடாதீர்கள், எல்லாம் ஒரே விடைதான் வரும்.