மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குக் குண்டு, ஈட்டி இரவல் தேவை

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் 35 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டு விழா ஒன்றை ஒழுங்கு செய்கிறோம். வலைப்பந்துக்கும் ஓட்டத்துக்கும் ஆயத்தம். சிக்கல் எறிதல் போட்டிகளில்தான்.

மூத்தோர் விதியில் ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. வயது ஏற எறியும் கருவியின் எடை குறையும். ஆண்களுக்குக் குண்டு 49 வரை 7.26 கிலோ, 50 முதல் 6, 60 முதல் 5, 70 முதல் 4, 80 முதல் 3. பெண்களுக்கு 49 வரை 4 கிலோ, 50 முதல் 74 வரை 3, அதற்குப் பிறகு 2. எங்களிடம் 7.26உம் 4உம் மட்டுமே உண்டு. 6, 5, 3 கிலோ குண்டுகளும் 700, 500 கிராம் ஈட்டிகளும் வேண்டும். 20, 18 வயதுக்குட்பட்ட ஆண்களும் 6, 5 கிலோ போடுவதால் பாடசாலைகளில் கிடைக்கலாம். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

தருவதற்கு முன் டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். துரு உதிர்ந்த பழைய குண்டு 20 கிராம் குறைந்தாலும் அந்த எறிதல் செல்லாது. 60 வயதில் பயிற்சி எடுத்து வந்தவருக்கு அப்படி நடக்கக் கூடாது.

முதலுதவி தெரிந்த இருவரும் தேவை. உடம்பு சூடாகாமல் 100 மீற்றர் ஓடினால் தொடையின் பின்தசை கிழியலாம், அதனால் ஐஸ், கிரேப் பண்டேஜ் கைவசம் இருக்க வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் கொடுக்க ஜீவனியும் (உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள்) வேண்டும். வெயிலுக்காக 5000 மீற்றரைக் காலை 6 மணிக்கே வைக்கிறோம்.

உதவக்கூடியவர்கள் எடையையும் ஊரையும் கீழே எழுதுங்கள், நாங்களே வந்து எடுத்துத் திருப்பித் தருவோம்.